கண்ணாடிய ஏன்வே உடைச்சான்?

படம் முடிந்து ட்யூப்லைட்டைப் போட்டதும் வந்த முதல் கேள்வி இது: “ஏன் ஓய், அந்த ஊர்லே குவார்ட்டர்ஸுக்கு வெயிட்டிங் லிஸ்டே கிடையாதா?”

கேட்டவர் டைப் த்ரீ வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக டைப் டூவில் உட்கார்ந்திருக்கும் தஞ்சாவூர்க்காரர். கிண்டல் இல்லை, மனசாரக் கேட்டார். பின் வரிசையிலிருந்து ஒரு கோயமுத்தூர் அம்மா, “தண்ணி எந்நேரமும் வருதாட்டிருக்குதுங்க. மோட்டார் போடற வேலையே இல்லீங்க” என்றார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், “அங்கிள், ஹீரோ பாகல் ஹை க்யா? பைத்தியமா? இத்னா அச்சா கர், இவ்ளோ நல்ல வீட்டை விட்டு ஏன் வெளியே போறான்?” என்று கேட்டுவிட்டுத் தோழியின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

நான் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. இதற்காகவா கத்தினேன் என்றிருந்தது.

படம் இதுதான். எதிர்காலத்தில் ஒரு நகரம். மேலே வானத்துக்குப் பதில் கண்ணாடிக் கூரை. யார் எந்த வீட்டில் இருப்பது, என்ன வேலை பார்ப்பது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, எல்லாவற்றையும் ஒரு பெரிய இயந்திரம் தீர்மானிக்கிறது. அடி உதை கிடையாது. பசி கிடையாது. ஒருத்தன் மட்டும், கூரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பிக்கிறான். கடைசியில் கூரையை உடைத்தே விடுகிறான். வெளியே வெறும் மணலும் காற்றும். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சூரியனைப் பார்க்கிறார்கள். அந்தச் சூரியனைப் பார்த்து நான் இருமுறை அழுதவன். எங்கள் செக்டார் ஜனங்கள் அதைப் பார்த்து, ‘ஐயோ, நல்ல காலனியைக் கெடுத்துட்டானே’ என்றார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குடியிருப்பு. நான் ஓர் அமைச்சகத்தில் டெஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. படிப்பு பி.யூ.சி.யோடு நின்றது. இங்கிலீஷ் எனக்கு வந்தது ரேடியோ கேட்டும், தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அட்டை கிழிந்த புத்தகங்களைப் படித்தும்தான். வாத்தியார் இல்லாமல் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் கண்டுபிடித்ததை ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால், செக்டாரில் நாங்களே வைத்திருந்த ஒரு சின்னத் தமிழ் மன்றத்தின் செயலாளரைக் கெஞ்சி, மாதம் ஒரு ஞாயிறு காலை சமுதாயக் கூடத்தைக் கேட்டு வாங்கினேன். பக்கத்து முனீர்க்காவில் வீடியோ கடைக்காரப் பையா டி.வி.யும் வி.சி.ஆரும் வாடகைக்குத் தருவான். யாரும் தொடாத கேசட் ஒரு அடுக்கு அவனிடம் கிடந்தது. எல்லாம் உலகம் கெட்டுப்போகிற கதை. அது எனக்குச் சர்க்கரைப் பொங்கல்.

இதில் ஒரு தொழில்முறை உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும். ‘மே கைண்ட்லி பி அப்ரூவ்டு’ என்று தூக்கத்திலும் எழுதுவார்கள். ஆனால் படத்தில் நடிகன் வாயைத் திறந்தால் ஒரு சொல் பிடிபடாது. கேசட்டில் கீழே எழுத்தும் ஓடாது. எனவே நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வசனத்தையும் அது முடிந்த கையோடு தமிழில் சொல்வேன். முக்கியமான இடம் என்றால் நிறுத்தி, விளக்கி, திரும்ப ஓட்டுவேன். குடும்பத்தோடு பார்க்கிற கூட்டமாதலால் சில சலுகைகளும் உண்டு. கதாநாயகன் கதாநாயகிக்கு முத்தம் கொடுத்தால் “ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க” என்பேன். அதற்கு மேலே போனால் “மறுநாள் காலை” என்று சொல்லி ஓட்டிவிடுவேன். ஜனங்கள் இதற்குப் பழகிப்போனார்கள். எனக்கு வாய் வலித்தால் படமே ஊமைப்படம்.

அன்றைக்கு எல்லோரும் இயந்திரத்தின் கட்சி. ஒருத்தர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு நேர் மேல் வீட்டுக்காரர், திருநெல்வேலி, செக்ஷன் ஆபீசர். டெல்லி அவர் தமிழில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. சேர்களை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

“அவன் வெளிய போனது சரிதாம்வே” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. “அப்பா! ஒருத்தராவது சொன்னீங்களே சார்.”

“இரும், முடிக்கல. அவன் போனது சரி. கண்ணாடிய ஏன்வே உடைச்சான்?”

“உடைச்சாத்தானே மத்தவங்களும் வெளியே வர முடியும்?”

“வாறோம்னு அவனுவ சொன்னானுவளா? ஒருத்தன்ட்டயாவது கேட்டானா? இவனுக்கு வெயில் வேணும்னா இவன் போய்க் காயட்டும். தூங்குதவன் கண்ணுல ஏன் டார்ச்ச அடிக்கான்?”

“உண்மை எல்லாருக்கும் பொது சார்.”

“எவன்வே சொன்னான்?” என்று கேட்டுவிட்டு, ஒரு சேரை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் நியாயமும் இருந்தது. தரியாகஞ்ச் புத்தகங்கள் இந்தக் கேள்வியைத் தொட்டுத் தொட்டு விட்டிருந்தனவே தவிர, ‘ஒருத்தன்ட்டயாவது கேட்டானா’ என்று இப்படிச் சட்டையைப் பிடித்துக் கேட்டதில்லை. இந்த மாதிரி சொற்களுக்காகத்தான் நான் ஜனங்களோடு மாரடிக்கிறேன். புத்தகக்காரன் ஓர் அத்தியாயம் எழுதுவான். இவர்கள் சேர் மடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். நான்தான் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருப்பேன்.

அடுத்த மாதப் படத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். இதுவும் ஒரு கெட்டுப்போன உலகம். சுவர் வைத்த நகரம். சுவருக்கு வெளியே தூரத்துக் காலனிகளுக்கு வேலைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை. ஆனால் வாரம் தவறாமல் அவர்களிடமிருந்து வீட்டுக்குப் போன் வரும். “நல்லா இருக்கேன், கவலைப்படாதே.” உண்மையில் காலனிகள் எப்போதோ அழிந்துவிட்டன. போனில் பேசுவது நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் அரசாங்கத் துறை. அங்கே குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, போனவர்களின் குரலில் பேசுகிறார்கள். கதாநாயகனும் அப்படி ஒரு குமாஸ்தா. அவனுக்கும் வாரா வாரம் அண்ணனிடமிருந்து போன் வருகிறது. கேட்டுச் சந்தோஷப்படுகிறான். ஒருநாள் தெரிகிறது: அண்ணன் குரலில் பேசுவது அடுத்த அறையில் இருக்கிற, தினமும் தன்னோடு டீ குடிக்கிற பெண்மணி.

குமாஸ்தாக்கள் கதை. எங்கள் ஜனங்களுக்குப் புரியாமல் போகாது என்று நினைத்தேன். சும்மா இருக்க முடியுமா, மறுநாள் காலையே பால் பூத் வரிசையில் மாடி வீட்டுக்காரரிடம் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பாத்திரத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார். “முன்னாடியே கதையச் சொல்லிட்டு அப்புறம் படம் எதுக்குவே?” என்றார். பிறகு, “கண்டிப்பா வாறேன்” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் என் மனைவியும் சாப்பிட்டு முடித்திருந்தோம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இவுகளுக்கு அல்சர்னு சொல்லியிருக்கோம்லா? அல்சர் இல்ல.”

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு வந்திருந்தது. டாக்டர் அந்த அம்மாவை மட்டும் கூப்பிட்டு, வயிற்றில் கட்டி, கெட்ட கட்டி என்று சொல்லியிருக்கிறார். இப்போது கத்தி வைத்தால் வழி இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சென்னையில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். தம்பி ஒருநாள், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். இன்னொரு நாள், இங்கே கூட்டிக்கொண்டு வா என்கிறார். அதற்கு மறுநாள், யாரோ ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறார் என்கிறார். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

“சாருக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்றேன்.

“தெரிஞ்சா தாங்க மாட்டாக. இவுக அப்பாவுக்கும் இதேதான். அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னதுலருந்து அவுக எந்திக்கவே இல்ல. இவுக அதப் பக்கத்துல இருந்து பாத்தவுக.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு அவருடையது. அதில் கத்தி வைப்பதா வேண்டாமா என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு மைத்துனர் தீர்மானம் செய்கிறார். வயிற்றுக்குச் சொந்தக்காரர் மேலே ஈசிசேரில் அல்சருக்கு ஜெலுசில் குடித்துக்கொண்டிருக்கிறார்! இதைத்தான் இந்தப் படங்கள் தலைகீழாக நின்று சொல்கின்றன. கொடுமைக்காரன் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரமாட்டான். போர்வையோடு வருவான், ‘குளிருமே’ என்று கேட்டுக்கொண்டு வருவான். இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் என் வாய் அப்படி.

“போர்வ போத்துனா தப்பா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

நான் சாப்பிட்ட தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவர் விடவில்லை.

“உங்க படத்துல வாரவன் எவனுக்காவது பொண்டாட்டி பிள்ள இருக்கா? ஒத்தையாளா அலையுதான். அதான் கண்ணாடிய உடைக்கான், சுவர இடிக்கான். நாளைக்கு யாருக்குக் கஞ்சி காய்ச்சணும்னு அவனுக்குக் கவல இல்ல.”

யோசித்துப் பார்த்தேன். நான் அதுவரை போட்ட அத்தனை கேசட்டிலும் ஒரு பயலுக்கும் குடும்பம் கிடையாது.

அவர் வந்த காரியம் அதற்குப் பிறகுதான் வந்தது. கணவர் பால் வாங்கி வந்த அன்றே படக் கதையை ஒப்பித்திருக்கிறார். கண்டிப்பாகப் போகவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். போகாதீர்கள் என்று தடுத்தால் ஏன் என்பார். அதனால் நான் ஒன்று செய்யவேண்டுமாம். கடைசிக் காட்சியில், அடுத்த அறைப் பெண்மணி மறுபடி அண்ணன் குரலில் பேசும்போது, கதாநாயகன் ‘எனக்குத் தெரியும்’ என்கிறான் அல்லவா? அதை மாற்றிச் சொல்லவேண்டும்.

“மாத்தி என்னன்னு சொல்றது?”

“கதையாக் கேட்டது மறந்துரும், படத்துல பாத்தா இவுகளுக்குச் சந்தேகம் தட்டிரும். ‘நல்லா இருக்கேன்’னு சொல்லுதான்னு சொல்லிருங்க. அவ்வளவுதானே?”

“அம்மா, அப்படிச் சொன்னா படமே போச்சு! அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தப் படமும்.”

“முத்தம் குடுத்தா சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்லுதியள்லா? அப்பம் படம் போகலியா?”

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, மலை மந்திர் முருகன் கோயில் இருக்கும் திசையைக் காட்டி, “முருகன் மேல சத்தியமா அவுகட்ட எதையும் சொல்லிராதிய” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். வசனத்தை மாற்றுவது பற்றி நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் மனைவியிடம் பொருமினேன். பொய் சொல்லும் துறையைப் பற்றிய படத்துக்கு என்னையே பொய் சொல்லச் சொல்கிறார்களே, இதைவிடக் கொடுமை உண்டா என்றேன்.

“ஒரு வரிதானே? மாத்திச் சொன்னா குடியா முழுகிடும்?” என்றாள்.

“அப்படித்தான் அந்த ஊர்லயும் ஆரம்பிச்சிருப்பான். ஒரு வரிதானேன்னு.”

“எந்த ஊர்ல?”

“படத்துல வர்ற ஊர்ல.”

“நீங்க முதல்ல இந்த ஊருக்கு வாங்க” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

வேறு படம் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பையாவிடம் கேட்டேன். மிச்சம் இருந்ததெல்லாம் பேய்ப்படம். செயலாளர் வேறு, போஸ்டர் ஒட்டியாயிற்று, இனி மாற்றினால் கூடத்தை இந்தி வகுப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். போதாததற்கு மாடி வீட்டுக்காரர் வழியில் பார்க்கும்போதெல்லாம், “ஞாயித்துக்கெழம உண்டும்லா? மாத்திராதேயும்” என்பார். அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியாமல் நான் செருப்பைப் பார்த்துப் பேசினேன். மனிதர் இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. ‘அல்சர்வே, காரம் ஆகாது’ என்பார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருக்கும், அவர் மனைவியை உட்காரவைத்துக் கத்தவேண்டும் போலவும் இருக்கும். சென்னை மைத்துனரை என்ன செய்யவேண்டும் என்று எழுதினால் நன்றாயிருக்காது.

ஞாயிறு வந்தது. மே மாத வெயில். கூலர் தடதடவென்று கத்தியதில் நான் அதைவிட உரக்கக் கத்தவேண்டியிருந்தது. கூட்டம் நல்ல கூட்டம். மாடி வீட்டுத் தம்பதி முதல் வரிசை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஓடியது. எங்கள் ஜனங்கள் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்கள். குமாஸ்தாக்கள் வரிசையாகப் போன் பேசுவதைப் பார்த்து, “இதுக்கு ஓவர்டைம் உண்டா ஓய்?” என்றார் தஞ்சாவூர்க்காரர். “நம்ம கன்ட்ரோல் ரூம் மாதிரி இருக்கு, ஆனா இவங்க போனை எடுக்கறாங்க” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. ஒரு கிழவி போனில் மகனின் குரலைக் கேட்டு முகம் மலர்கிற காட்சியில், கோயமுத்தூர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொய்யா இருந்தா என்னங்க, அந்தப் பாட்டிக்கு மனசு நெறஞ்சுதல்லங்க” என்றார். வேறு நாளாயிருந்தால் நிறுத்திவைத்து ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். நிறைந்த மனசு யாருடையது, நிறைத்தது எதைக் கொண்டு, அந்தக் கிழவி ஒப்புக்கொண்டுதான் நிறைத்தார்களா என்றெல்லாம் கேட்டிருப்பேன். அன்று பேசாமல் ஓட்டினேன்.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகன் தன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். போன் அடிக்கிறது. எடுக்கிறான். அண்ணன் குரல். நலமா என்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசுவதையும் காட்டுகிறார்கள். இவன் கண்ணை மூடிக் கேட்கிறான். பிறகு வாயைத் திறந்து அந்த ஒரு வரியைச் சொல்கிறான்.

நான் நிறுத்தினேன். வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்தி வசனத்தைச் சொல்வேன். படம் அவன் வாய் திறந்தபடி நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, அதட்டலும் இருந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன், ரிமோட்டைப் பார்த்தேன். உண்மையான வசனம் வாயில் வரவில்லை. பொய்யும் வரவில்லை.

“என்ன சொல்றான்?” என்றது ஒரு குரல்.

“சொல்லுமய்யா, தொண்டை அடைச்சுப் போச்சா?”

“அங்கிள், ஜல்தி!”

“இதுக்குத்தான் நான் அப்பவே இந்தி வகுப்பு...” என்று செயலாளர் தொடங்கினார்.

அப்போது முதல் வரிசையிலிருந்து மாடி வீட்டுக்காரர், உட்கார்ந்தபடியே, கூலருக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னார்: “‘எனக்குத் தெரியும்ட்டி. நீ சிரமப்படாத’ங்கான்.”

கூடம் வெடித்துச் சிரித்தது. வெளிநாட்டுக் கதாநாயகன் பாளையங்கோட்டைக்காரன் பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரி ‘ட்டி’ போட்டுப் பேசினால் யார் சிரிக்கமாட்டார்கள்? தஞ்சாவூர்க்காரர், “பேஷ், இவரையே இனிமே வசனம் சொல்லச் சொல்லலாம்” என்றார். படத்தில் அவன் சொன்னது வேறு. ‘நீதான் என்று தெரியும், வீட்டுக்குப் போ’ என்கிறான், அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரருக்கு அந்த இங்கிலீஷ் ஒரு சொல்லும் பிடிபட்டிருக்காது.

சிரிக்காதவர் ஒருத்தர்தான். அந்த அம்மா மெல்ல எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கணவர் பின்னாலேயே எழுந்து போனார். என்னைக் கடக்கும்போது, “படத்த முடியும்வே, ஆளுவ காத்துக்கிட்டிருக்கு” என்றார். எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது மேலே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கக் கூரை, எல்லாம் கேட்கும்.

“எப்பம்லருந்து தெரியும்? சொல்லுங்க! எப்பம்லருந்து?”

“ஆரம்பத்துலருந்தேதாம்ட்டி.”

“தெரிஞ்சுக்கிட்டா ஜெலுசில் குடிச்சிய? தெரிஞ்சுக்கிட்டா அல்சர் அல்சர்னு ஊரெல்லாம் சொன்னிய? என்ட்டயே நடிச்சிய?”

“நீ நடிச்ச. அதான் நானும் நடிச்சேன். நீ பாவம், கஷ்டப்பட்டு மறைக்க. உனக்குத் தெரியாம இருக்கட்டும்னு விட்டேன்.”

“எனக்கு என்ன தெரியாம இருக்கட்டும்?”

“எனக்குத் தெரியும்ங்கிறது.”

ஒரு பாத்திரம் விழுந்தது. எறிந்ததாகவும் இருக்கலாம். பிறகு அந்த அம்மா அழுகிற சத்தம். என் மனைவி சாம்பார் கரண்டியோடு கூரையைப் பார்த்தபடி நின்றாள். “நல்லா சண்டை போடட்டும்” என்றாள்.

மறுநாள் இருவரும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். சாயங்காலம் அவர் என்னைக் கீழே கூப்பிட்டார். புல்தரை ஓரத்தில் உட்கார்ந்தோம். டாக்டரிடம் இவரே முகத்துக்கு நேராகக் கேட்டாராம். டாக்டர் முதலில் மனைவியைப் பார்த்தாராம். ‘அவளப் பாக்காதேயும், வயிறு இங்க இருக்கு’ என்று இவர் இந்தியில் சொன்னாராம். அந்த இந்தியைக் கேட்க நான் அங்கே இல்லையே என்றிருந்தது. ஆபரேஷன், இங்கேயே, கிடைக்கிற முதல் தேதியில். மைத்துனருக்குச் சொல்லியாகிவிட்டது.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்றேன்.

“இதுல கண்டுபிடிக்க என்னவே இருக்கு? கல்யாணம் ஆன நாள்லருந்து நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லுவா. ரிப்போர்ட் வந்த அன்னைக்குச் சாயங்காலத்துலருந்து நான் என்ன சொன்னாலும் ‘சரிங்க’ங்கா. சொதின்னேன், சொதி. அவியல்னேன், அவியல். சட்டையக் கட்டில்ல போட்டாலும் ஒரு வார்த்த இல்ல. அப்பமே நெனச்சேன், சரி, நம்ம கத முடிஞ்சுட்டுன்னு.” சிரித்தார். “நேத்துதாம்வே மறுபடி வாயத் தொறந்து ஏசுனா. தேனா இருந்துச்சு.”

இவரல்லவா கண்ணாடியை உடைத்த ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முழுதாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“ஒண்ணு கேட்டுக்கிடும். பையனுக்கு இது தெரியக்கூடாது” என்றார்.

அவர் மகன் தமிழ்நாட்டில் எஞ்ஜினியரிங் கடைசி வருஷம், விடுதியில். பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

“என்ன சார் சொல்றீங்க?”

“அல்சருக்கு ஒரு சின்ன ஆபரேஷன்னு சொல்லப் போறேன். அவளும் சரின்னுட்டா. நீரும் அவன் போன் பண்ணினா அதையே சொல்லும்.”

நான் எழுந்துவிட்டேன். வாக்கிங் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். “அவங்க மறைச்சாங்க, நீங்க மறைச்சீங்கன்னு நேத்து கூரை இடிஞ்சு விழற மாதிரி சண்டை போட்டீங்க. இன்னிக்கு நீங்களே ஒரு துறை ஆரம்பிக்கறீங்க! உங்க வயிறுன்னா உண்மை வேணும், அவன் அப்பான்னா அவனுக்கு வேண்டாமா?”

“அவன் சின்னப்பய வே.”

“ஓட்டுப் போடற வயசு சார்.”

“பரீட்ச...”

“உங்க வீட்டம்மாவும் ஏதோ ஒண்ணு சொன்னாங்களே, தாங்கமாட்டீங்கன்னு. தாங்கலையா நீங்க?”

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. அவனிடம் கேட்டீர்களா என்றேன். கேட்காமல் அவனுக்கு எது நல்லது என்று நீங்கள் தீர்மானித்தால், உங்களுக்கும் அந்தச் சென்னை மைத்துனருக்கும் என்ன வித்தியாசம் என்றேன். மைத்துனர் பெயரை எடுத்ததும் சுருக்கென்று நிமிர்ந்தார்.

“அவனோட என்னைச் சேக்காதேயும்” என்றார். எழுந்தார். “வாரும்.”

மார்க்கெட் முனையில் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவர். வெளியே நான், பூத்துக்காரர், காத்திருக்கும் இரண்டு மூன்று பேர். விடுதியில் ஆளைக் கூப்பிட்டு வர நேரமாயிற்று. பிறகு அவர் வாய் அசைந்தது. கொஞ்சம்தான் அசைந்தது. அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“அவனுக்குத் தெரியுமாம்.”

“என்னது?”

“ரிப்போர்ட் வந்த மறுநாளே அம்மா சொல்லிட்டாளாம். அப்பாட்ட காட்டிக்கிடாதன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஒவ்வொரு தடவையும் போன்ல, ‘அல்சர் எப்படிப்பா இருக்கு, மோர் குடிக்கிறியளா’ன்னு கேப்பாம்வே. ஒரு தடவ, காரம் சேக்காதியன்னு ஏசக்கூட செஞ்சான்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா? ஒரு வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மாவும் பிள்ளையும், தனக்குத் தெரியும் என்பது தெரியக்கூடாது என்று அப்பாவும் காவல் காத்திருக்கிறார்கள். இதில் நான் வேறு முருகன் மேல் சத்தியம் பண்ணிவிட்டு, செருப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

“ராஸ்கல்” என்றார். “என்ட்டயே நடிச்சிருக்கான் பாரும்.” கோபமாகத்தான் சொன்னார். ஆனால் குரல் கலைந்திருந்தது. பூத்துக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வாங்காமலே இரண்டு அடி நடந்தார்.

“பரீட்சை எப்படி எழுதினானாம்?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நின்றார். “அதக் கேக்கலியே வே.”

வரிசையில் நின்றவர்களிடம், “பாயி சாப், ஏக் மினிட்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.